சுங்கத் தினத்தன்று வந்த பிராந்தி பாட்டில்

மேக்ரி, 18 செப்டம்பர் 2001

அன்புத் தங்கை ஷோகிக் ஜானுக்கு,

நாங்கள் நலம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. சத்தெனிக்குக்கு ரத்த அழுத்தம், காரணம் நான்தானாம். உன் உடம்பு எப்படி? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை காபியிலேயே காலம் தள்ளுகிறாயா?

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி அத்திப்பழம் வரும். வராவிட்டால் டிரைவரைப் பிடி. போனில் பேசக் கூடாதா என்று கேட்காதே. எங்கள் சாவடியில் இருப்பது ஒரே போன். நான் 'தங்கச்சி' என்று வாயைத் திறந்தாலே ஆறு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஈரானிலிருந்து வரும் லாரிக்கு இங்கே தெற்கு எல்லையில் நான் சீல் வைக்கிறேன். மூன்றாம் நாள் அது ஜார்ஜியாவுக்குப் போக வடக்கு எல்லையில் உன் முன்னால் வந்து நிற்கிறது. இதைவிட நல்ல தபால்காரன் நமக்கு எங்கே கிடைப்பான்?

வரும் ஜனவரி நான்காம் தேதி நம் ஆர்மீனியச் சுங்கத் துறைக்குப் பத்து வயது. ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த நம் இருவருக்கும்தான். சுங்கத் தினத்துக்கு அந்தத் தேதியைப் பிடித்த புண்ணியவான் யாரோ! புத்தாண்டுக்கும் ஆறாம் தேதி கிறிஸ்து பிறப்புக்கும் நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிட்டான். ஊரே நாலு நாளாய்ப் பன்றித் தொடையும் தோல்மாவும் தின்று கிடக்கிறது. நமக்கு வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தால் ஏப்பம்தான் வருகிறது.

பெட்டியைக் கொண்டு வருபவன் பெயர் வாஹிக். ஈரானில் இஸ்பஹான் ஊர் ஆர்மீனியன். நம் மொழிதான் பேசுவான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஜவ்வாக இழுப்பான். ஆள் பரவாயில்லை.

உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்.
அண்ணன் மாமிகோன்

*

பக்ரதாஷென், 27 செப்டம்பர் 2001

அன்பு அண்ணா,

நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். காபியும் குடிக்கிறேன். அண்ணியின் ரத்த அழுத்தத்துக்குக் காரணம் நீதான், இதற்கு மருத்துவர் எதற்கு?

அத்திப்பழம் ஒன்றுகூட நசுங்காமல் வந்தது. "மூணு நாள் பக்கத்துல வெச்சிக்கிட்டு ஒண்ணுகூட எடுத்துச் சாப்பிடலையா?" என்று டிரைவரைக் கேட்டேன். "சீல் வெச்ச பெட்டின்னா தைரியமா இருந்திருப்பேன் மேடம். இது திறந்த பெட்டி. ஒண்ணு குறைஞ்சாலும் என் தலைதானே உருளும்?" என்றார். அவர் பேசுவது ஒன்றும் ஜவ்வு மாதிரி இல்லை. நிதானமாகப் பேசுகிறார்.

லாரியைத் தலைகீழாகப் புரட்டிச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்கு. உள்ளே தரை ஓடுகள்தான், வேறு எதுவும் இல்லை.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புகிறேன். முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொள். அண்ணிக்கு முத்தங்கள்.

உன் ஷோகிக்

*

மேக்ரி, 4 நவம்பர் 2001

ஷோகிக் ஜான்,

எல்லாரும் சுகம். காலுறை வந்தது. சத்தெனிக் அதைத் தான் போட்டுக்கொண்டு அலைகிறாள்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன இரண்டு மாதச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம வாஹிக் பாரத்தோடு வடக்கே போக மூன்று நாள். திபிலிசியில் இறக்கிவிட்டு, காலி லாரியில் உன் எல்லையைத் தாண்டி என் எல்லைக்குத் திரும்பி வர ஐந்து நாள்! காலி வண்டிக்கு எதற்கு அதிக நாள்? ஒரு தடவை என்றால் டயர் வெடித்தது என்பேன். மூன்று தடவையுமா? பத்து வருடமாகச் சீட்டைப் பார்த்தே ஆளை அளக்கிறவனிடமா இந்த வேலை?

வடக்கே எங்கேயோ ஒரு பெண் இருக்கிறாள். பந்தயம் கட்டுகிறேன். நாற்பத்து மூன்று வயசுக்காரன், பூனை மாதிரி ஓசைப்படாமல் இருந்துகொண்டு, பாரேன்! உன் பக்கத்து ஊராகத்தான் இருக்க வேண்டும். யார், எப்படிப்பட்டவள் என்று மெதுவாக விசாரித்துச் சொல். வம்பு கேட்டு எனக்கு ரொம்ப நாளாயிற்று.

மாதுளை அனுப்புகிறேன். குளிரில் வெளியே அதிகம் நிற்காதே.

மாமிகோன்

*

பக்ரதாஷென், 22 நவம்பர் 2001

அன்பு அண்ணா,

மாதுளை இனிப்பு. இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவர் மறுபடியும் என் விறகைத் தன் விறகு என்கிறார். எங்கள் மேலதிகாரிக்கு இரண்டாவது பேரன் பிறந்திருக்கிறான். புதிதாக ஒரு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள், நீளக் கம்பியில் மாட்டி வண்டிக்கு அடியில் விட்டுப் பார்க்க. ரொம்ப வசதி.

நீ கேட்டதை விசாரித்தேன். நல்ல பெண்தான் என்று சொல்கிறார்கள். கொஞ்சம் கோபக்காரியாம்.

குளிருக்கு முழங்காலைப் பார்த்துக்கொள்.
ஷோகிக்

*

மேக்ரி, 14 டிசம்பர் 2001

ஷோகிக் ஜான்,

நலம்தானே? தொண்டைக்குத் தேன் போட்டுக் குடி.

தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். பத்தாம் ஆண்டு, ஊர் கண்ணெல்லாம் நம் மேல்தான். சுங்கத் தினம் என்று சொல்லிக்கொண்டு எந்த டிரைவர் எதை நீட்டினாலும் வாங்கக் கூடாது, உடனே எழுத்து மூலம் அறிக்கை. ஒரு மிட்டாய்கூடக் கூடாதாம்! எனக்கு இதெல்லாம் புதிதா? பத்து வருடத்தில் ஒரு டீயைக்கூட என் காசில் தவிர நான் குடித்ததில்லை. அப்பா போனபோது நமக்கு விட்டுப் போனது ஸ்தெபானவானில் ஒரு ஒழுகுகிற வீட்டையும் இந்த ஒரு நல்ல பேரையும்தானே.

நான்காம் தேதி இந்தத் தடவை எனக்கு விடுப்பு. வீட்டிலேயே இருப்பேன். நீயும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பத்து வருடமாக நம் தினத்தன்று நாம் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை.

அண்ணன்

*

பக்ரதாஷென், 27 டிசம்பர் 2001

அன்பு அண்ணா, அன்பு அண்ணி,

புத்தாண்டும் கிறிஸ்து பிறப்பும் உங்கள் வீட்டில் நிறைவாக வரட்டும். எனக்கு நான்காம் தேதி பணி, வர வழியில்லை. மனசு அங்கேதான் இருக்கும்.

அன்று நீ வீட்டில் இருப்பது நிச்சயம்தானே? நீ எழுதியதையே மறுபடி கேட்கிறேன் என்று நினைக்காதே. அன்று யாராவது வீட்டுக்கு வந்தால் உட்கார வை. முழுதாகப் பேச விடு. உனக்குத்தான் எதிராளி பாதி பேசும்போதே பதில் வந்துவிடுமே. அன்று ஒரு நாள் மட்டும் அந்தப் பழக்கத்தை அலமாரியில் வைத்துப் பூட்டு.

வேறு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

உன் ஷோகிக்

*

மேக்ரி, 5 ஜனவரி 2002

என் ஷோகிக் ஜானுக்குத் திருநாள் வாழ்த்து!

உட்கார்ந்து படி. உன் அண்ணன் பெயர் தலைநகர் வரை போயிருக்கிறது.

நேற்று வீட்டில் இருக்கத்தான் இருந்தேன். நம்ம பெத்ரோஸ் நாலு நாள் தின்ற தீனியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். அவனுக்குப் பதிலாக நான் பணிக்குப் போனேன். சத்தெனிக் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மதியம் வாஹிக் வந்தான், காலி லாரியில், ஊருக்குத் திரும்பும் வழி. புதுக் கோட்டு, டை, மழமழவென்று முகச்சவரம். ஒரு கையில் பிராந்தி பாட்டில், ஒரு கையில் சாக்லேட் பெட்டி. பிராந்தியோடு ஈரானுக்குள் போனால் கம்பி எண்ண வேண்டும். அப்படியானால் அது யாருக்கு?

"அண்ணே, திருநாள் வாழ்த்து. மலையில பனி ஜாஸ்தி. உங்க வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று இழுத்தான்.

"நிறுத்துடா! வீட்டுக்கே கொண்டுவரப் பார்த்தியா?"

"அண்ணே, நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு..."

"இன்னும் ஒரு வார்த்தை பேசினே, லாரியையும் பிடிச்சு வெச்சிருவேன்!"

எல்லாரும் பார்க்க அறிக்கை எழுதினேன். பாட்டிலையும் பெட்டியையும் பறிமுதல் செய்தேன். 'உங்கள் விளக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் காட்டி எழுதச் சொன்னேன். பேனாவை வாங்கினான். அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஒரு வருடத்துக்கு நாட்டுக்குள் வரத் தடை. ஆள் பரவாயில்லை என்று உனக்கு எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலமே தலைநகரிலிருந்து போன். பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள்! ராத்திரி சாவடி விருந்தில் எல்லாரும் எழுந்து நின்று எனக்காகக் கோப்பையை உயர்த்தினார்கள். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும், ஷோகிக்.

நீ சொன்ன விருந்தாளி வந்திருந்தால் பூட்டிய வீட்டைத்தான் பார்த்திருப்பார். மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

பெருமையுடன் உன் அண்ணன்

*

மேக்ரி, 2 பிப்ரவரி 2002

ஷோகிக் ஜான்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மூன்று டிரைவர்களிடம் கேட்டேன். "மேடம் நல்லா இருக்காங்க, ஆனா எதுவும் கொடுத்தனுப்பலை" என்கிறார்கள். உடம்புக்கு ஏதாவதா? வேலையில் யாராவது ஏதாவது சொன்னார்களா? பெயரை மட்டும் சொல், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பாராட்டுப் பத்திரம் வந்துவிட்டது. சட்டம் போட்டு மாட்டியாயிற்று.

கவலையுடன் மாமிகோன்

*

பக்ரதாஷென், 11 பிப்ரவரி 2002

அண்ணா,

உடம்பு நலம். யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்திரத்துக்கு வாழ்த்துகள். வேலை அதிகம்.

ஷோகிக்

*

மேக்ரி, 24 பிப்ரவரி 2002

ஷோகிக் ஜான்,

எங்கள் உடம்பைப் பற்றி எழுத இன்று மனசில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பறிமுதல் அலமாரிக்குப் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. நேற்று சாப்பாட்டு மேசையில் அதைச் சத்தெனிக்குக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். 'பிராந்தி ஒன்று. சாக்லேட் பெட்டி ஒன்று, சிவப்பு ரிப்பன் கட்டியது.' அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரிப்பனா? லஞ்சத்துக்கு எவன் ரிப்பன் கட்டுவான்? கோட்டு, டை வேற போட்டிருந்தான்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"முதல்ல வீட்டுக்கு வந்தான்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா. அதனாலென்ன?"

"என்னைப் பொண்ணு கேட்டு எங்கப்பாகிட்ட வந்தீங்களே, கையில என்ன கொண்டு வந்தீங்க?"

"பிராந்தி. சாக்லேட்." சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நம் வீட்டில் கேட்டு வருவதற்கு வேறு பெண் யார் இருக்கிறாள்? காலி லாரிக்கு எதற்கு அதிக நாள் என்று உன்னையே துப்பறியச் சொன்னேனே, என்னை மாதிரி ஒரு முட்டாள் இந்த மலைகளிலேயே உண்டா? சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன்.

ஒரு வரி எழுது. வடக்கே இருக்கும் அந்தப் பெண் நீதானா?

மாமிகோன்

ஷோகிக் ஜான், உன் அண்ணி எழுதுகிறேன். இவர் காலையிலிருந்து சட்டம் போட்ட பத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருக்கிறார். நல்லா முறைக்கட்டும். நீ அழுதிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி? — சத்தெனிக்

*

பக்ரதாஷென், 6 மார்ச் 2002

அன்பு அண்ணா,

நான்தான்.

கோபத்தில் ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். பிறகு கோபம் போய்விட்டது, என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. 'அது லஞ்சம் இல்லை' என்று நான் எழுதினால், தங்கைக்காக அறிக்கையை மாற்று என்று கேட்பதாகிவிடும். நீ பத்து வருடம் காப்பாற்றிய பேரை நானே வந்து கெடுப்பேனா? அவர் கட்டத்தை வெறுமையாக விட்டதும் இதனால்தான். இன்னொரு டிரைவரிடம் சொல்லியனுப்பினார்: "அறிக்கை எழுதுற கையைப் பிடிச்சுக்கிட்டுத் தங்கச்சியைக் கேட்டா, தப்பிக்கிறதுக்குக் கேட்ட மாதிரி ஆயிடும் ஷோகிக். உங்க பேருக்கும் இழுக்கு."

அவர் வண்டியை நான் ஒருநாளும் சலுகையாக விட்டதில்லை. மற்ற வண்டிக்கு அரை மணி, அவருக்கு ஒன்றரை மணி. டயருக்குள் கம்பி விட்டுக்கூடப் பார்ப்பேன். அவர் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பார். சோதனை முடிந்து, என் பணியும் முடிந்தபின் எதிர் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து சூப் குடிப்போம், பேசுவோம். உன் சீட்டில் அதிகமாய் நின்ற இரண்டு நாளும் அதுதான். என்னை இன்னும் அவர் கேட்கவில்லை. "முதல்ல உங்க அண்ணன்கிட்ட கேக்கணும்" என்றார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

எனக்கு முப்பத்தொன்பது வயது. அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அண்ணா. ஒவ்வொரு லாரி திரும்பும்போதும் முகப்பைப் பார்க்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆனால் ஒன்று. நீ எதையும் மாற்றாதே. சுற்றறிக்கைப்படி நீ செய்தது சரி. ஒரு வருடம்தானே, போய்விடும்.

அண்ணியைக் கட்டிக்கொள்கிறேன்.
ஷோகிக்

*

பக்ரதாஷென், 19 ஏப்ரல் 2002

என் அண்ணா,

நலமா? நீ நலமாகத்தான் இருக்க வேண்டும், உன்னை நேரில் பார்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது.

ஆறு வாரம் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபித்துக்கொண்டாய் என்றே நினைத்தேன். அந்நியனுக்குக் கொடுக்க மாட்டேன், எல்லை தாண்டி அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாய் என்று நினைத்தேன். அழுதேன், மறைப்பானேன்?

போன திங்கட்கிழமை காலை அணிவகுப்பில் மேலதிகாரி புதிய சுற்றறிக்கையை எடுத்தார். வழக்கம்போல மூக்கால் படிக்க ஆரம்பித்தார். "தெற்கு எல்லை ஆய்வாளர் மாமிகோன் அளித்த திருத்த வாக்குமூலம், எல்லாச் சாவடிகளின் தகவலுக்காக" என்றதும் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஜனவரி நான்காம் தேதி ஓட்டுநர் திரு. வாஹிக் கொண்டுவந்த பொருட்கள் லஞ்சம் அல்ல. வடக்கு எல்லை ஆய்வாளரான என் தங்கை ஷோகிக்கைப் பெண் கேட்பதற்காக, நம் வழக்கப்படி, வீட்டுக்குப் பெரியவனான எனக்கு அவர் கொண்டுவந்தவை. அவரை நான் பேச விடவில்லை. தவறு முழுதும் என்னுடையது. தங்கை இதை மாற்றும்படி கேட்கவில்லை, கூடாது என்றே எழுதினாள். எனக்குத் தந்த பாராட்டுப் பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். திரு. வாஹிக் கேட்க வந்த விஷயத்துக்கு என் பதில்: சம்மதம்."

மேலதிகாரி படிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இருபத்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னோடு வேலை பார்க்கும் ரஸ்மிக் "அட, மாப்பிள்ளை வண்டியையா இத்தனை நாளா டயருக்குள்ள கம்பி விட்டுக் குடைஞ்சீங்க!" என்று கத்தினான். அப்புறம் அங்கே அணிவகுப்பு ஏது?

தடை நீங்கியது என்று கடைசிப் பத்தியில் இருந்ததை யாருமே கேட்கவில்லை. சுற்றறிக்கையைப் படித்தாயிற்று என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமல்லவா? ரெஜிஸ்டரை என் முன்னால் நீட்டி, "முதல்ல நீங்க போடுங்கம்மா" என்றார் மேலதிகாரி. போட்டேன். பேனாவைக் கீழே வைக்க முடியாமல் அழுதேன்.

எனக்கு எழுத உனக்கு வெட்கம், அதனால் நாட்டுக்கே எழுதிவிட்டாய். அண்ணி எழுதியிருந்தாள். உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு போய்விட்டதாம், சாவடியில் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்களாம். என் தங்கமே, அந்தச் சிரிப்பெல்லாம் எனக்கு வரட்டும். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டியது ஜனவரி நான்காம் தேதியை அல்ல, இந்த வாக்குமூலத்தை.

நேற்று முன்தினம் அவர் லாரி வந்தது. மூன்றரை மாதத்துக்குப் பிறகு. கண்ணாடிக் கம்பியை எடுத்துக்கொண்டு நான் நடக்க, மேலதிகாரி கையை நீட்டித் தடுத்தார். "நீங்க தொடக் கூடாது. இப்ப அது உங்க வீட்டு வண்டி. சட்டம்."

ரஸ்மிக் சோதித்தான். அவர் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். கையில் விளக்கு இல்லை, கம்பி இல்லை, சீட்டு இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பத்து வருடத்தில் ஒரு லாரியை நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை, அண்ணா.

உன் ஷோகிக்